பகலெல்லாம் ஊழியம், இரவெல்லாம் போன்: இதில் விடுதலை எங்கே?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு பிள்ளைகள், வேலைக்கும் போகிறேன். சபையில் ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம் என்று மூன்று பொறுப்புகள். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐக்கியத்தில் ஒரு அக்கா தினமும் போன் செய்து தன் வீட்டுப் பிரச்சினையை ஒரு மணி நேரமாவது பேசுவார். அவ்வப்போது கைமாற்றும் கேட்பார், கொடுத்துவிடுகிறேன். "உன் மிச்சம் மீதிதான் வீட்டுக்குக் கிடைக்கிறது" என்கிறார் கணவர். எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்தால் ஒரு மணி, இரண்டு மணி வரை வைக்க முடியவில்லை. அந்த நேரம் மட்டும்தான் எனக்கு விடுதலையாக இருக்கிறது. காலையில் ஜெபிக்க எழுந்திருக்க முடிவதில்லை. நாள் முழுக்கக் குற்ற உணர்வு. கண்டிப்பான அப்பாவிடம் வளர்ந்தவள் நான். எல்லாவற்றுக்கும் சட்டம். இரட்சிக்கப்பட்ட பிறகுதான் கிருபை என்றால் என்னவென்று புரிந்தது. அதனால் ஒழுக்கம், கட்டுப்பாடு, எல்லை என்று யாராவது பேசினாலே மறுபடியும் அந்த வீட்டுக்குள் போவதுபோல இருக்கிறது. "நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறீர்கள்" என்றுதானே வேதம் சொல்கிறது? கிறிஸ்து விடுதலையாக்கினவளுக்கு எதற்கு வேலி? முடியாது என்று சொல்வது அன்பில்லாத செயல் ஆகாதா? ஒரு பொறுப்பை விட்டே ஆகவேண்டும் என்றால் எதை விடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் பகலைப் பற்றி எழுதும்போது "முடியாது என்று சொல்ல வாய் வராது" என்கிறீர்கள். இரவைப் பற்றி எழுதும்போது "போனை வைக்க முடியவில்லை" என்கிறீர்கள். பகல் ஊழியமாகவும் இரவு பலவீனமாகவும் உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. பகலில் உங்கள் நேரத்தை மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள், இரவில் போன் தீர்மானிக்கிறது. உங்கள் முறை எப்போது வருகிறது?

இரவு நேரத்தை மட்டும்தான் விடுதலையாக உணர்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பகல் முழுவதும் தன் நேரம் தன் கையில் இல்லாதவர்கள், தூக்கத்தைத் தள்ளிப்போட்டு அதை ஈடுகட்டப் பார்ப்பது ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி காண்கிற விஷயம். உடம்பு தூங்கச் சொல்கிறது. மனதோ, "இப்போதும் படுத்துவிட்டால் இன்று எனக்கென்று ஒன்றுமே இல்லாமல் போய்விடுமே" என்கிறது. ஆகவே, இரவைத் திட்டித் திருத்த முடியாது. "இன்றிலிருந்து பத்து மணிக்கே படுப்பேன்" என்று நீங்கள் பலமுறை தீர்மானம் எடுத்திருப்பீர்கள். அது நிற்காததற்குக் காரணம் உங்கள் பக்திக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கோளாறு பகலில் இருக்கிறது, நீங்கள் இரவில் மருந்து போடுகிறீர்கள்.

சரி, அந்த வசனத்துக்கு வருவோம். ரோமர் 6:14இல் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். முழு வசனத்தையும் ஒருமுறை வாசியுங்கள்: "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." ஏதோ ஒன்று உங்களை மேற்கொள்வது இனி நடக்காது என்பதற்கான காரணமாகத்தான் பவுல் கிருபையை இங்கே காட்டுகிறார். கிருபைக்குள் இருக்கிறேன், ஆனாலும் இரவு ஒரு மணிக்குப் போனை வைக்க முடியவில்லை என்றால், கிருபை உங்களுக்காக வாங்கிக்கொடுத்த ஒன்றை நீங்கள் இன்னும் கையில் வாங்கவில்லை என்று அர்த்தம். தீத்து 2ஆம் அதிகாரத்தில் அதே பவுல் தேவகிருபை நமக்குப் போதிக்கிறது என்கிறார். தெளிந்த புத்தியோடு ஜீவிக்கப் போதிக்கிறதாம். மன்னித்து அனுப்பிவிடுவதோடு கிருபை நிற்பதில்லை, கூடவே உட்கார்ந்து பழக்குகிறது.

உங்கள் அப்பாவின் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வரிதான். ஆனால் கடிதம் முழுக்க அவர் இருக்கிறார். பயத்தினால் கைக்கொள்ளும் சட்டத்துக்கு ஒரு குணம் உண்டு: பார்க்க ஆள் இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். நீங்கள் போனை எடுக்கும் நேரம் எது? எல்லோரும் தூங்கிய பிறகு. அந்த வீட்டில் வளர்ந்த சிறுபெண் இன்னும் அப்பாவுக்குத் தெரியாமல் தன் விடுதலையை அனுபவித்துக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இது என் ஊகம்தான், தவறென்றால் தள்ளிவிடுங்கள். பகலில் நீங்கள் யாரிடமும் முடியாது என்று சொல்லாததற்கும் அதே பயம் காரணமாக இருக்கலாம். அப்பா முகம் சுளித்தால் வீடே இருண்டுபோகும் என்று பழகிய பிள்ளைக்கு, போதகர் முகம் சுளித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

அந்த மாதிரிச் சட்டங்களை வேதமும் ஆதரிக்கவில்லை. "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்று மனுஷர் போடும் கட்டளைகளுக்கு ஏன் உட்படுகிறீர்கள் என்று கொலோசெயரிடம் பவுல் கேட்கிறார். ஆனால் அதே பவுல்தான் கொரிந்தியருக்கு, "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று எழுதினார். தடை போட யாரும் இல்லாத இடத்தில் தனக்குத்தானே ஒரு கோடு கிழித்துக்கொள்கிறார். "அதிகாரமுண்டு" என்று சொல்கிறவன் கிழிக்கும் கோட்டை அப்பாவின் பிரம்போடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

கட்டளைகள் வந்த வரிசையையும் கவனியுங்கள். பத்துக் கட்டளைகள் யாத்திராகமம் 20இல் வருகின்றன. செங்கடலைக் கடந்தது 14இல் முடிந்துவிட்டது. முதலில் விடுதலை, அப்புறம்தான் கட்டளை. அதனால்தான் பத்துக் கட்டளைகளும், உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினவர் நானே என்ற வார்த்தையோடு தொடங்குகின்றன. விடுதலையான ஜனத்துக்கு, விடுதலையாகவே வாழ்வது எப்படி என்று சொல்லித்தர வேண்டியிருந்தது. நானூறு வருஷம் அடிமையாயிருந்தவர்களுக்கு அது தானாக வந்துவிடாது.

அந்தக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பாருங்கள். உபாகமம் 5இல் அதற்குச் சொல்லும் காரணம், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை என்பதுதான். அடிமைக்கு வேலையை நிறுத்த உரிமை கிடையாது. ஏழாவது நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார ஒருவனால் முடிகிறது என்றால், அவன் அடிமை இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. இன்னொன்றும் உண்டு, பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். வனாந்தரத்தில் போய்க் கர்த்தருக்குப் பலியிட வேண்டும் என்று இஸ்ரவேலர் கேட்டபோது பார்வோன் என்ன சொன்னான்? "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள், சோம்பலாயிருக்கிறீர்கள்." இரண்டு முறை. வைக்கோலையும் நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வைத்தான்.

நீங்கள் ஒரு சனிக்கிழமை மதியம் சும்மா உட்கார்ந்தால் உள்ளே ஒரு குரல் "சோம்பேறி, அங்கே எத்தனை பேர் கஷ்டப்படுகிறார்கள், நீ உட்கார்ந்திருக்கிறாயே" என்கிறதா? அது கர்த்தரின் குரல் என்று நினைத்துத்தான் எழுந்து ஓடுகிறீர்கள். வேதத்தில் அந்த வசனத்தைப் பேசியவன் பார்வோன்.

முடியாது என்று சொல்வது அன்பில்லாத செயலா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்கு முதல் அதிகாரத்தில் ஊரே வீட்டு வாசலில் கூடிவந்திருந்தது. மறுநாள் இருட்டோடே எழுந்து இயேசு தனித்துப்போய் ஜெபிக்கிறார். சீஷர்கள் தேடிப்பிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். நாமாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே எழுந்து ஓடியிருப்போம். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள், இதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்கிறார். அந்த ஊரில் அன்று அவரைத் தேடி வந்தவர்களில் வியாதிக்காரரும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். தான் எதற்காக வந்தோம் என்று தெரிந்தவரால்தான் எதற்கு வரவில்லை என்பதையும் சொல்ல முடிகிறது. சொத்தைப் பங்கிட்டுத்தரச் சொல்லி ஒருவன் கேட்டபோதும், என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று நேராகவே கேட்டுவிட்டார்.

நல்ல சமாரியன் கதையையும் நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். காயம்பட்டவனைத் தூக்கிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தவன், மறுநாள் புறப்பட்டுவிட்டான். இரண்டு பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்து, நீ இவனை விசாரித்துக்கொள், அதிகம் செலவானால் திரும்பிவரும்போது தருவேன் என்று சொல்லிவிட்டுத் தன் பிரயாணத்தைத் தொடர்ந்தான். தான் செய்ய வேண்டியதைச் செய்தான், மீதியை இன்னொருவரிடம் ஒப்படைத்தான். அதற்காக அவனை அன்பில்லாதவன் என்று யாரும் பிரசங்கித்ததாக நான் கேட்டதில்லை.

இனி அந்த அக்கா. கலாத்தியர் 6இல் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று வருகிறது. மூன்று வசனம் தள்ளி, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்றும் வருகிறது. இரண்டையும் எழுதினவர் ஒருவரே. அந்த அக்காவின் வீட்டில் திடீரென்று ஒரு மரணமோ வியாதியோ வந்தால் அது நீங்களும் தோள் கொடுக்க வேண்டிய பாரம். ஆனால் அவர் தன் கணவரிடம் பேச வேண்டிய பேச்சை தினமும் உங்களிடம் பேசிவிட்டுப் போவது, அவர் சுமக்க வேண்டியதை நீங்கள் சுமப்பது. ஒரு மணி நேரம் பேசியதும் அவருக்கு மனம் லேசாகிவிடும். லேசாகிவிட்டதால் வீட்டில் ஒன்றும் மாறாது. மறுநாள் மறுபடி போன் வரும். உங்கள் பொறுமை அவருடைய பிரச்சினையைத் தீர்க்காமல் தாங்கிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. கைமாற்றும் அப்படித்தான்.

அவரிடம் இப்படிச் சொல்லிப்பாருங்கள்: "அக்கா, தினமும் பேச என்னால் முடியவில்லை. வாரத்தில் ஒருநாள், வியாழக்கிழமை மாலை அரைமணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்கிவைக்கிறேன், அன்று பேசுவோம், சேர்ந்து ஜெபிப்போம். பணம் மட்டும் இனி என்னால் தர முடியாது." இதற்குமேல் விளக்கம் வேண்டாம். விளக்கம் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் வரும். எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவை வெளியே வரச்சொல்லி எதிரிகள் ஆளனுப்பினார்கள். "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது" என்று பதில் அனுப்பினார். நாலுதரம் அழைத்தார்கள், நாலுதரமும் அதே மறுமொழி. புதிதாக ஒரு காரணமும் சேர்க்கவில்லை. அந்த அக்கா உங்கள் எதிரி அல்ல, ஆனாலும் இந்த நாலுதரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் வருத்தப்படுவார். உங்களைப் பற்றி இரண்டு பேரிடம் சொல்லவும் செய்யலாம். ஒருவரின் வருத்தத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது உங்களுக்குப் பழக்கமில்லாததால், முதல் சில வாரங்கள் வயிற்றைப் பிசையும். தவறு செய்ததால் வருகிற வேதனை என்று அதை நினைத்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லை என்ற சொல் இப்போது கொஞ்சம் மலிந்துபோயிருக்கிறது. பிடிக்காதவரோடு பேச்சை நிறுத்துவதற்கும், மாமியாரை வீட்டுக்கு வரவிடாமல் செய்வதற்கும், சபையில் ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் இருப்பதற்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்று சொல்வது எல்லை. நீ எப்படி நடக்க வேண்டும் என்று மிரட்டுவது வேறு. நெகேமியா கட்டிய அலங்கத்துக்கு வாசல்களும் இருந்தன. ஓய்வுநாளுக்கு முன் கதவுகளைப் பூட்டச் சொன்னார், ஓய்வுநாள் கழிந்ததும் திறக்கச் சொன்னார். நீதிமொழிகள் 25:28 தன் ஆவியை அடக்காத மனுஷனை மதிலிடிந்த பட்டணத்துக்கு ஒப்பிடுகிறது. மதில் இல்லாத ஊரில் வாசலுக்கும் வேலை இல்லை. விரும்பி ஒருவரை உள்ளே அழைக்கும் சந்தோஷம்கூட அங்கே கிடையாது, எல்லோரும்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்களே!

இரவுக்கு வருகிறேன். ஆதிச் சபையின் போதகர்களில் ஒருவரான ஆகஸ்டீன் 386இல் மனந்திரும்பினார். அதற்கு முன் தான் கட்டுண்டு கிடந்த சங்கிலியைப் பற்றிப் பின்னால் எழுதியிருக்கிறார். கோணலான விருப்பத்திலிருந்து இச்சை பிறந்தது, இச்சைக்கு இணங்க இணங்க அது பழக்கமாயிற்று, எதிர்க்காமல் விட்ட பழக்கம் இல்லாமல் முடியாத நிலையாயிற்று என்கிறார். அடிமைத்தனம் எப்படி ஒரு கண்ணிக்குப்பின் ஒரு கண்ணியாகக் கோக்கப்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நல்ல பழக்கமும் அதே வழியில்தான் வருகிறது. தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தவர். ஜெபிக்கிறவன் சிங்கக்கெபியில் போடப்படுவான் என்று கட்டளை வந்ததும் வீட்டுக்குப் போய், "தான் முன் செய்துவந்தபடியே" முழங்காற்படியிட்டார் என்கிறது வேதம். உயிர் போகும் நாளில் புதிதாக உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க அவருக்குத் தேவை ஏற்படவில்லை. சிறைப்பட்டு அந்நிய தேசத்துக்குப் போன ஒருவர், ராஜாவின் கட்டளையாலும் அசைக்க முடியாத அளவுக்குச் சுயாதீனமாக இருந்தார். அந்தச் சுயாதீனத்தை யாரும் பார்க்காத சாதாரண நாட்களில் அவர் சேர்த்துவைத்திருந்தார்.

ஆனால் தானியேலைப் போல நாளைக் காலையே தொடங்காதீர்கள். நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று பொருத்தனை செய்தால் மூன்றாவது நாள் தவறும், நாலாவது நாள் குற்ற உணர்வு, ஐந்தாவது நாள் போன். முதலில் மாலையில், பிள்ளைகளும் கணவரும் விழித்திருக்கும்போதே, உங்களுக்கென்று அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுத்தனமாக இல்லாமல், சொல்லிவிட்டு. போனில் எதையாவது பார்க்க ஆசையென்றால் அப்போதே பாருங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. நடக்கலாம், வாசிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். பகலிலேயே உங்கள் பங்கு கிடைத்துவிட்டால் நடுராத்திரியில் அதைத் தேடும் வெறி குறையும். போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து வேறு அறையில் மாட்டுங்கள். எழுந்திருக்க அலாரம் வேண்டுமென்றால் ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். களைத்துப்போன இரவில் மன உறுதியை நம்புவதைவிட, தெளிவாக இருக்கும் மாலையில் ஒரு ஏற்பாட்டைச் செய்துவைப்பது புத்திசாலித்தனம். இச்சையடக்கம் ஆவியின் கனிதான், ஆனால் கையெட்டும் தூரத்தில் போனை வைத்துக்கொண்டு அந்தக் கனிக்காக ஜெபிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

காலை ஜெபத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு சங்கீதம், நாலு வார்த்தை ஜெபம். தவறிய நாளுக்கு அடுத்த நாள் இரண்டு மடங்காக ஈடுகட்ட வேண்டாம், வழக்கமான பத்து நிமிடத்துக்குத் திரும்புங்கள். ஈடுகட்டுவது அப்பாவின் வீட்டுக் கணக்கு.

1520இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் கிறிஸ்தவனைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்போலத் தெரியும் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து வைத்தார்: அவன் எல்லாவற்றுக்கும் மேலான சுயாதீனன், யாருக்கும் கீழ்ப்பட்டவனல்ல, அவன் எல்லோருக்கும் ஊழியக்காரன், எல்லோருக்கும் கீழ்ப்பட்டவன். நீங்கள் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வாழ்ந்து பார்த்துவிட்டுக் களைத்துப் போயிருக்கிறீர்கள். முதல் வாக்கியம் இல்லாமல் செய்யும் ஊழியத்துக்குக் கணவர் ஒரு பெயர் வைத்துவிட்டார், மிச்சம் மீதி என்று. காணிக்கையைப் பற்றிப் பவுல் சொன்னதை நேரத்துக்கும் வைத்துப் பாருங்கள்: "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்." தன் மனதில் நியமிக்க வேண்டுமானால், மறுக்கவும் ஒருவருக்கு வழி இருக்க வேண்டும்.

எதை விடுவது என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். அதற்கு முன், இந்த மாற்றங்களுக்குப் பிறகும் சில வாரங்கள் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாகவே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

பெண்கள் ஐக்கியப் பொறுப்பை விடுங்கள். தினசரி போன் அங்கிருந்துதான் வந்தது. உறுப்பினராகத் தொடருங்கள், பொறுப்பு மட்டும் வேண்டாம். போதகரிடம் நேரில் போய், இந்த வருஷக் கடைசியோடு விலகிக்கொள்கிறேன் என்று இப்போதே சொல்லுங்கள். திடீரென்று விட்டுப்போனால் வேறொருவர் தலையில்தான் விழும். யாரைப் பழக்கலாம் என்று இரண்டு பேர் பெயரையும் கையோடு கொண்டுபோங்கள். பாடகர் குழுவைப் பற்றிக் கணவரிடம் கேட்டு முடிவெடுங்கள். அவர் இத்தனை நாள் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்ல அது ஒரு வாய்ப்பாகவும் இருக்கும். ஞாயிறு பள்ளியை மட்டும் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளோடு இருந்துவிட்டு வீடு திரும்பும்போது உங்களுக்குக் களைப்பைவிடச் சந்தோஷம் அதிகம் என்றால். அது உங்களுக்குத்தான் தெரியும்.